வெள்ளத்துக்கு எந்த வண்டி?
ஒரு பழைய வாகனத் தொழிற்சாலைக்காரனின் குறிப்புகள்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நமது மலரில் திருக்குறள் பற்றியும், சிலம்பு பற்றியும், கோயில் கல்வெட்டுகள் பற்றியும் படித்தவர்கள் எழுதி வருகிறார்கள். எனக்கு அந்தப் புலமை கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டிதான். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 33 வருடம் வேலை பார்த்து 2003-இல் ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு மும்பைக்கு வந்தவன் நான். "அதையே எழுதுங்க சார், போன மழையில பாதிப் பேருக்கு வண்டி போச்சு" என்றார் செயலாளர். அதே வாரம் என் பேரனும் ஒரு கேள்வியோடு வந்து நின்றான். ஆகவே இந்தக் கட்டுரை அவனுக்குச் சொன்ன பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேரன் கேட்டது இதுதான். "தாத்தா, வெள்ளம், நிலச்சரிவு, எது வந்தாலும் குடும்பத்தைத் தூக்கிப் போட்டுக்கிட்டு கிளம்பற மாதிரி ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது ஒரு வண்டியின் பெயரைச் சொல்லி அனுப்பியிருப்பேன். இவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, 8 வயதுப் பையனாக, நின்றுபோன காரின் பின் ஜன்னல் வழியாக இவனை நான்தான் வெளியே தள்ளினேன்.

அந்த நாளைப் பற்றி மும்பைத் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மற்ற ஊர்களிலிருந்து மலர் படிப்பவர்களும் உண்டு. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் பதிவான மழை 944 மி.மீ. அதே மும்பையின் தென்கோடியில் கொலாபாவில் 75 மி.மீ. கூட இல்லை. கோட்டைப் பக்கத்து ஆபீசில் இருந்தவர்களுக்கு வடக்கே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. மதியத்துக்கு மேல் பிடித்த மழை, கடலில் ஓதம் ஏறியிருந்த நேரம், மித்தி ஆறு வாங்கிக்கொள்ளாமல் திருப்பித் தள்ளியது. ரயில் நின்றது, விமான நிலையம் மூடியது, செல்போன் செத்தது.

நாங்கள் காலினாவில் உடம்பு சரியில்லாத உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு, காலைப் பள்ளி முடிந்த பேரனையும் ஏற்றிக்கொண்டு செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஓட்டினார். சின்ன பெட்ரோல் கார். குர்லாவை நோக்கிப் போகும் சாலையில் தண்ணீர் பம்பர் வரை இருந்தது. மெதுவாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தோம், போயிருப்போம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எதிரே ஒரு லாரி வேகமாக வந்தது. அது கிளப்பிய அலை எங்கள் பானட் மேல் ஏறி இறங்கியது. வண்டி ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

"மாமா, என்ன செய்யட்டும்?" என்று மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வாகனத் தொழிற்சாலையில் காலம் தள்ளியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே, கேட்கத்தானே செய்வார்! நான் சொன்னேன்: "இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்க மாப்பிள்ளை." அவர் சாவியைத் திருப்பினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பதற்றத்தில் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. 33 வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் உதவவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த 'டக்' என்ன என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. என்ஜின் மூச்சு விடுகிற யந்திரம். ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து, சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் மேலே ஏறும்போது அதைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு சிறு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் போதும். மேலே வரும் பிஸ்டன் கல்லில் மோதியது போல மோதும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும், சில சமயம் முறிந்து பிளாக்கையே ஓட்டை போடும். ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி ஓரங்கட்டி, பிறகு மெக்கானிக் வந்து பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றின பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

நம்மவர்கள் பலர் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விடுமே என்றுதான் பயப்படுகிறார்கள். ஓடுகிற என்ஜினின் புகை சாதாரண ஆழத்துத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டிய இடம் முன்னால் இருக்கிறது, காற்று இழுக்கும் குழாயின் வாய். அது எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான உயரம். சில கார்களில் பார்த்தால் வெளியே கம்பீரமாக இருக்கும், பானட்டைத் திறந்தால் அந்த வாய் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், கீழ்நோக்கி இருக்கும். வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் பானட்டைத் திறக்கச் சொல்லி இதை ஒரு தரம் பாருங்கள். விற்பனைப் பையனுக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கம்பெனிக்காரர்களே 'இத்தனை மி.மீ. தண்ணீரில் போகலாம்' என்று எழுதுகிறார்கள். 2020-இல் வந்த மஹிந்திரா தாருக்கு 650, ஃபோர்ஸ் குர்காவுக்கு 700, லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900. குர்காவில் யானைத் தும்பிக்கை போலக் காற்றுக் குழாயை மேலே கொண்டுபோய் விட்டிருப்பார்கள், அதற்கு ஸ்நார்க்கல் என்று பெயர். இந்த எண்களைப் பார்த்துத்தான் என் பேரனும் மயங்கியிருந்தான். எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை ஓடாத தண்ணீருக்கு, நடை வேகத்தில் போகும் வண்டிக்கு, அடியில் உறுதியான தரை இருக்கும் இடத்துக்கு. நமது சாலைகளில் இந்த மூன்றில் எது நிச்சயம்?

ஓடுகிற தண்ணீரைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பிள்ளைகளை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறிய கார் 3.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அடித்தட்டைத் தாண்டித் தண்ணீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் சுமார் 500 லிட்டர் தண்ணீரை வண்டி விலக்குகிறது. அதாவது 500 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,000 கிலோ என்றால், 20 செ.மீ. ஏறியதும் வண்டி மிதக்கத் தயார். தரையிலிருந்து அடித்தட்டுக்கு 17 செ.மீ. என்று வையுங்கள். மொத்தம் 37 செ.மீ., முழங்காலுக்கும் கீழே! ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான், புதிதாக ஒன்றுமில்லை.

சரி, பெரிய வண்டிக்கு? 4 மீட்டர் நீளம், 1.8 அகலம், ஆட்களோடு 2,000 கிலோ. கணக்குப் போட்டால் அடித்தட்டுக்கு மேல் 28 செ.மீ.யில் மிதப்பு வருகிறது. அடித்தட்டே 22 செ.மீ. உயரத்தில் இருப்பதால் மொத்தம் 50. சின்னக் காருக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. வண்டியின் அடி தட்டையான பெட்டி அல்ல, தண்ணீர் உள்ளேயும் கசியும், ஆகவே இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் முழுதாக மிதக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதி எடை போனாலே டயருக்குப் பிடிப்புப் போய்விடும், பக்கவாட்டில் ஓடும் நீர் மெதுவாக நகர்த்த ஆரம்பித்துவிடும். அமெரிக்க வானிலைத் துறையினர் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதையொட்டித்தான்: ஓடும் நீர் ஒரு அடி இருந்தால் சிறிய கார் அடித்துப் போகும், இரண்டு அடி இருந்தால் பெரிய ஜீப் வகைகளும் போகும். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதால் இதில் ஒரு அனுகூலமும் கிடையாது. தரையைத் தொடாத சக்கரம் நான்கு இருந்தால் என்ன, நாற்பது இருந்தால் என்ன?

அப்படியானால் ஃபோர் வீல் டிரைவ் எதற்குத்தான் ஆகும் என்று பேரன் சற்றுக் கோபமாகவே கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஜபல்பூருக்குப் போக வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் ஜெர்மனியின் 'மான்' கம்பெனி உரிமத்தில் சக்திமான் லாரியும், ஜப்பானின் நிஸ்ஸான் உரிமத்தில் ஒரு டன் வண்டியும் ஜோங்காவும் செய்தோம். ஜோங்கா என்ற பெயரை ஏதோ மங்கோலியப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகள்தான் அது. தொழிற்சாலைக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பொங்கலன்று ஷிப்ட் முடிந்து வந்து கிரீஸ் கையோடு கரும்பு தின்ற நாட்கள் எல்லாம் உண்டு. அது கிடக்கட்டும்.

சோதனை ஓட்டத்தில் வண்டியைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் பழைய டிரைவர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டவை புத்தகத்தில் இல்லை. பெட்ரோல் வண்டி என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ரப்பர் துணி கட்டுவார்கள். தாழ்ந்த கியரில், ஒரே வேகத்தில், நடு வழியில் கிளட்சை மிதிக்காமல் போவார்கள். அப்படிப் போனால் வண்டிக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும்பி, அதன் பின்னால் என்ஜின் இருக்கும் இடத்தில் தண்ணீர் மட்டம் சற்றுத் தாழ்ந்து இருக்கும். நின்றீர்களோ, அந்த அலை திரும்பி வந்து என்ஜினை மூடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி ஈரத்தைக் காய வைப்பார்கள். பிறகு ஆக்ஸில் ஆயிலைப் பார்ப்பார்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. மற்றதெல்லாம் இன்றைக்கும் அப்படியேதான்.

அங்கே நான் பார்த்த வரையில் நான்கு சக்கர இழுவையின் பெருமை தண்ணீரில் இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் இருக்கிறது. சேறு, சரிந்த மண், ஈரமான ஏற்றம், ஆற்று மணல், இதிலெல்லாம் இரண்டு சக்கர வண்டி ஒரு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு குழி தோண்டும் நேரத்தில், இது ஊர்ந்து போய்விடும். அதிலும் முக்கியமானது 'லோ ரேஞ்ச்' என்கிற இரண்டாவது குட்டிக் கியர். அது இருந்தால்தான் பாரத்தோடு மனித நடையை விட மெதுவாக, என்ஜின் திணறாமல், செங்குத்தில் ஏறவும் இறங்கவும் முடியும். அது இல்லாமல் வெறுமனே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் மழைச் சாலையில் வழுக்காமல் போக நல்லவை, மலைச் சேற்றுக்குப் போதாது. மாருதியின் ஜிம்னியிலும் தாரின் ஃபோர் வீல் வகையிலும் குர்காவிலும் லோ ரேஞ்ச் உண்டு. ஆனால் ஜாக்கிரதை: தாரிலேயே 2023 முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் வந்துவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இன்று தெருவில் பார்க்கிற 'எஸ்யூவி'களில் பெரும்பாலானவை உடம்பு பெருத்த கார்கள், முன் சக்கரம் மட்டும் இழுப்பவை.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோங்கா போன பிறகு இராணுவத்தில் அந்த வேலையை மாருதி ஜிப்ஸி எடுத்துக்கொண்டது. ஜோங்காவில் உழைத்தவர்களுக்கு அது முதலில் பொம்மை போலத்தான் இருந்தது. எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சேற்றில் சிக்கினால் நாலு ஜவான்கள் சேர்ந்து தூக்கி வைத்துவிடுவார்கள். கனமான வண்டி சேற்றில் அமிழும், லேசான வண்டி தண்ணீரில் மிதக்கும். இரண்டுக்கும் ஒரே வண்டி ஆகாது. என்ன ஆபத்துக்கு வாங்குகிறோம் என்று முதலில் தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான். டேராடூன், சிம்லா, கேங்டாக் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு என் ஓட்டு சிறிய, லேசான, லோ ரேஞ்ச் உள்ள வண்டிக்கு. அங்கேயும் 2013 ஜூனில் கேதார்நாத்தில் நடந்தது போல் சாலையே ஆற்றோடு போய்விட்டால், எந்த வண்டியும் வண்டியல்ல. அங்கே மக்கள் வெளியே வந்தது காலால் நடந்தும் ஹெலிகாப்டரிலும்தான்.

நகரத்து வெள்ளத்தில் மனிதர்களை உண்மையில் எது காப்பாற்றியது என்று பார்த்தாலே நமக்கு விடை கிடைத்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, தெருவுக்குள் வந்தது மீனவர்களின் படகு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கே வந்தார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை ஏற்றிப் போனது டிராக்டர். டிராக்டரை எண்ணிப் பாருங்கள். பின் சக்கரம் ஆள் மார்பளவு, காற்றுக் குழாய் பானட்டுக்கு மேலே, புகைக் குழாயும் மேலே, கதவு கிடையாது, மிதப்பதற்குப் பெட்டி கிடையாது. ஓட்டுபவன் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டலாம். வெள்ளத்தில் தப்பிக்க உகந்த வண்டி எது என்று என்னைக் கேட்டால் டிராக்டர் என்பேன். அதை செம்பூர் சொசைட்டி பார்க்கிங்கில் நிறுத்த செக்ரட்டரி விடமாட்டார்!

மின்சார கார் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மூச்சு இழுக்காத வண்டி ஆதலால் நான் சொன்ன 'டக்' அதற்குக் கிடையாது. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் புகாது என்று பொருள். ஆனால் மணிக்கணக்கில் நின்றால், அதுவும் கடல் உப்பு கலந்த தண்ணீரில் நின்றால், பேட்டரி பழுதாகிப் பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதை வீட்டடியில் நிறுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. இன்னொன்று, வெள்ளம் வந்த ஊரில் முதலில் போவது கரண்ட். பெட்ரோலோ மின்சாரமோ, மழைக்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

டீசல் நல்லது என்ற பழைய எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். சக்திமான் காலத்து டீசலுக்கு ஸ்டார்ட் ஆன பிறகு கரண்டே தேவையில்லை, பேட்டரி மூழ்கினாலும் ஓடும். இன்றைய டீசல் கம்ப்யூட்டர் சொல்லித்தான் ஓடுகிறது. காற்றை அதிகம் அமுக்குவது டீசல் என்பதால், தண்ணீர் புகுந்தால் அடியும் அதற்குத்தான் அதிகம்.

மறுபடியும் காலினாவுக்கு வருகிறேன். என்ஜின் போன பிறகு நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம் இருக்கலாம். தண்ணீர் சீட்டைத் தொட்டது. மாப்பிள்ளை கதவைத் தள்ளினார், அசையவில்லை. வெளியே மட்டும் 60 செ.மீ. தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் சுமார் 180 கிலோ அழுத்தம் இருக்கும். யாராலும் தள்ள முடியாது. முன் ஜன்னல்கள் பவர் விண்டோ, பொத்தானை அமுக்கினால் ஒரு முனகல் கூட இல்லை. நல்ல காலம், அது விலை குறைந்த வகை, பின் ஜன்னல்களுக்குக் கையால் சுற்றும் பிடி. அதைச் சுற்றி இறக்கி, முதலில் பேரனை வெளியே தள்ளினேன், ஒரு கைலி கட்டிய ஆள் அவனை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிறகு நான், பிறகு மாப்பிள்ளை. பக்கத்தில் நின்றுபோயிருந்த ஒரு பஸ்ஸில் ஏறினோம். அந்த இரவு முழுவதும் அதில்தான். தரை உயரமான பஸ்தான் அன்று எங்களுக்குக் கிடைத்த 'எமர்ஜென்சி வண்டி', அது ஒரு அடி கூட நகரவில்லை. சுற்றுப்புறத்து சாலில் இருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று இந்த நகரத்தில் காருக்குள்ளேயே, கண்ணாடி இறங்காமல், மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. சாவியைத் திருப்பச் சொன்ன நேரத்தில் நான் ஜன்னலை இறக்கச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குப் பல வருடம் தூக்கத்தில் வந்தது. வண்டி தண்ணீரில் நின்றவுடன், மின்சாரம் இருக்கும்போதே, முதலில் சீட் பெல்ட், உடனே ஜன்னல், பிறகு பிள்ளைகள். போனில் கூப்பிடுவது கடைசி.

ஜன்னல் இறங்காவிட்டால் உடைக்க வேண்டும். சீட்டின் தலைக்கட்டையைப் பிடுங்கிக் குத்தினால் உடையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீரில், பதற்றத்தில், அது லேசில் நடக்காது. எஃகு முனை கொண்ட சின்னச் சுத்தியல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கக் கண்ணாடியின் மூலையில் ஒரே அடி போதும், பொடிப்பொடியாக உதிரும். முன் கண்ணாடியை அடித்துப் பலத்தை வீணாக்க வேண்டாம், அது நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி, விரியுமே தவிர வழிவிடாது. இப்போது சில விலையுயர்ந்த வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அப்படி வருகிறது. கண்ணாடி மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து உங்கள் வண்டியில் எது எப்படி என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று இதே மும்பையில் ஒரு மூத்த மருத்துவர் காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மூடி திறந்திருந்த சாக்கடைக் குழியில் விழுந்து இறந்தார். குடை, கம்பு எது இருந்தாலும் முன்னால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே, சாலை நடுத் தடுப்பை ஒட்டி நடக்க வேண்டும். வண்டியில் ஒரு கயிறு வைத்திருந்தால் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

இன்சூரன்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காரின் என்ஜினுக்கு ஒரு பைசா வரவில்லை. வெள்ளத்தில் நனைந்ததற்கு உண்டாம், தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்து உடைத்ததற்குக் கிடையாதாம். கம்பெனியின் பெயர் எதற்கு, பாலிசியில் அப்படித்தான் இருந்தது, படிக்காதது எங்கள் தவறு. இப்போது 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக ஒரு சேர்க்கை விற்கிறார்கள். மும்பை, சென்னை, கொல்கத்தாவில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வது நல்லது. அதிலும் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் பேரன், "அப்போ எதை வாங்கறது தாத்தா?" என்று முதல் கேள்விக்கே வந்தான். அவன் மலையேறுகிறவன் அல்ல. பவாயில் வேலை, செம்பூரில் வீடு, வருடத்துக்கு ஒரு தரம் திருநெல்வேலி. வீட்டில் முழங்கால் வலியுள்ள பாட்டி; தாரின் படியில் அவளை ஏற்ற ஒரு ஆள், இறக்க ஒரு ஆள் வேண்டும். பின் கதவு இல்லாத மூன்று கதவு வண்டியில் குழந்தையைப் பின் சீட்டிலிருந்து எடுப்பதை ஒரு முறை செய்து பார் என்றேன். என் யோசனை இதுதான்: தரை உயரம் 19, 20 செ.மீ. இருக்கும் சாதாரண ஐந்து கதவு வண்டி, காற்று வாய் உயரத்தில் உள்ளதாகப் பார், ஸ்டெப்னி முழு அளவில் இருக்கட்டும், கொக்கி மாட்டி இழுக்க முன்னும் பின்னும் இடம் இருக்கட்டும். முன்னால் இரும்புக் கம்பி பூட்டாதே. 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை விதித்துவிட்டது, ஏர்பேக் வேலையையும் அது கெடுக்கும். மிச்சமாகும் ஐந்தாறு லட்சத்தை வங்கியில் போடு.

அதைவிட முக்கியமாக ஒன்று செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் அவன் போகும் வழி முழுவதும் ஓட்டிப் போய், எங்கே சாலை தாழ்கிறது, எங்கே மேம்பாலம் ஏறலாம் என்று குறித்துக்கொண்டோம். ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள், அந்தேரி சப்வே எல்லாம் ஊருக்கே தெரிந்த பள்ளங்கள். பெயர் இல்லாத பள்ளங்கள்தான் ஆளைக் கொல்லும், குர்லாவுக்குள் மட்டும் அப்படி நான்கு குறித்தோம். 2005-இல் நாங்கள் சிக்கிய வழிக்கு மேலே 2014-இல் செம்பூர் இணைப்புச் சாலை வந்துவிட்டது. மழை பிடித்தால் அவன் அதில் ஏறி, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. வீட்டுக்கு வராவிட்டால் எங்கே தேடுவது என்று எங்களுக்கும் தெரியும்.

போன மாதம் வண்டி வந்தது. சுத்தியல் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போடாதே, தண்ணீரில் அது திறக்காது, டிரைவர் சீட்டோரமாகக் கட்டு என்றேன். ஒன்றை அப்படியே கட்டினான். இன்னொன்றைக் குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில், பின் ஜன்னலுக்குக் கீழே கட்டிவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.